கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ

எங்கட வீடுகளில ஸ்பீக்கர் இரண்டும் எங்க இருக்கும்? ஒன்று ரீவிக்குப் பக்கத்தில, மற்றது அலுமாரிக்கு மேல. வயர் எட்டின இடம்தான் அதுக்கு இடம். பிறகு சவுண்ட் சரியில்லை எண்டு புது செற் வாங்கக் காசு சேர்க்கிறம். காசு இருக்கட்டும், முதலில் அளவுநாடாவை எடுங்கோ என்பதுதான் எங்கள் கட்சி.

பெட்டிகள் இரண்டுக்கும் நடுவில, ஒன்றுமே இல்லாத இடத்தில் குரலைக் கேட்க வைக்கிறதுதான் ஸ்டீரியோ. அதற்கு இரண்டு பெட்டிகளும் நீங்களும் சமபக்க முக்கோணமாக இருக்கவேணும். ட்வீட்டர் காது உயரத்தில். ஒலி ஒரு மீற்றரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெக்கன் எடுக்கும். ஒரு பெட்டி அவ்வளவு கிட்ட இருந்தாலே போதும், குரல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

மூலைக்குள்ள வைத்தால் பேஸ் கூடும். எங்கட ஆக்களுக்கு அது பிடிக்கும், ஆனா குரல் அமுங்கிப்போகும். பின்சுவரில தலை முட்ட இருந்து கேட்டாலும் அதே கதைதான்.

ஒரு சிக்கல் இருக்கு. சரியான இடம் ஒரு கதிரைக்குத்தான். அது எப்பவும் அப்பாட கதிரையாவே இருக்கிறதில எங்களுக்கு உடன்பாடில்லை. இந்த ஞாயிறு, குசினியில நிண்டு பாதிப் பாட்டு மட்டும் கேட்கிற அம்மாவை அதில இருத்துங்கோ.