கண்ணுக்கு எட்டாத பவளத்துக்கு யார் காவல்?

இந்தோனேசியாவின் சோரோங் துறைமுகத்திலிருந்து புறப்படும் மரக்கப்பல்களிலேயே ஒரு வார காலம் தங்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை ஸ்கூபா கருவிகளுடன் கடலில் மூழ்கி, ராஜா அம்பட் தீவுகளின் பவளத்திட்டுகளைக் காணப் பன்னாட்டுப் பயணிகள் வருகின்றனர். அத்தகைய பயணம் ஒன்றை நானும் மேற்கொண்டிருக்கிறேன். உலகின் பவள இனங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இங்கே வாழ்கின்றன. கிரி தீவின் முனையில் 2012-ல் ஒரே முறை மூழ்கியபோது மீனியல் அறிஞர் ஜெரால்டு ஆலன் 374 மீன் இனங்களைக் கணக்கிட்டார்.

இந்தக் கடலுக்கு நடுவேதான் நிக்கல் சுரங்கங்கள் வந்தன. துருப்பிடிக்காத எஃகுக்கும் மின்வாகன மின்கலங்களுக்கும் நிக்கல் தேவை. 2025 ஜூனில் இந்தச் சுரங்கங்களுக்கு எதிரான குரல் நாடெங்கும் ஓங்கியது. ஜூன் 10 அன்று, அங்கு உரிமம் பெற்றிருந்த ஐந்து நிறுவனங்களில் நான்கின் உரிமங்களை அரசு ரத்துசெய்தது. இது வரவேற்கத்தக்க முடிவு.

ஆனால், காக் தீவில் இயங்கும் ஐந்தாவது சுரங்கத்தின் உரிமம் தப்பியது. அது அரசு நிறுவனமான அன்டாமின் துணை நிறுவனத்துக்கு உரியது. சுற்றுச்சூழல் விதிகளை அது முறையாகப் பின்பற்றுகிறது என்பதோடு, புகழ்பெற்ற சுற்றுலாத் தலமான பியாய்நேமோவிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பதும் அரசுத் தரப்பின் வாதம். ஜூனில் நிறுத்திவைக்கப்பட்ட அதன் பணிகள் செப்டம்பரில் மீண்டும் தொடங்கின.

இந்தத் தொலைவு வாதம்தான் என்னை உறுத்துகிறது. மலைச்சரிவின் மரங்களை அகற்றித் தோண்டினால், மழையில் செம்மண் கரைந்து கடலில் இறங்கும். அந்த வண்டல் பவள உயிரிகளின் மேல் படிந்து, அவற்றுக்கு உணவளிக்கும் நுண்பாசிகளுக்கு ஒளி எட்டாமல் தடுக்கும். அருகே சுற்றுலாப் படகு நிற்கிறதா என்று வண்டல் பார்ப்பதில்லை. 2,000 சதுர கிலோமீட்டருக்கு உட்பட்ட சிறுதீவுகளில் கேடு விளைவிக்கும் சுரங்கத்தைத் தடுக்கும் சட்டத்திலும், பயணிகள் வரும் தீவு, வராத தீவு என்ற பாகுபாடு இல்லை. 2024-ல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் இச்சட்டத்தை உறுதிசெய்தது.

சுற்றுலாவால் நன்மையே இல்லை என்பதல்ல என் வாதம். என்னைப் போன்றோர் செலுத்தும் நுழைவுக் கட்டணம் கடற்காவலுக்கு உதவுகிறது. பயணிகள் எடுத்த படங்கள் ராஜா அம்பட்டுக்கு உலகின் கவனத்தைப் பெற்றுத் தந்திருக்கின்றன. ஆயினும், பார்க்க வருவோரும் அழிவைக் கொண்டுவரக்கூடும். 2017 மார்ச்சில் ‘கலிடோனியன் ஸ்கை’ என்ற சுற்றுலாக் கப்பல் இங்கு தரைதட்டி, 13,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பவளத்திட்டைச் சிதைத்தது.

வெளியிலிருந்து எவரும் வருவதற்கு வெகுகாலம் முன்பே, ‘சாசி’ என்ற மரபுப்படி குறிப்பிட்ட காலத்துக்கு மீன்பிடிப்பைத் தாமாகவே நிறுத்திக் கடலைக் காத்தவர்கள் இத்தீவு மக்கள். அழகு பார்ப்பதற்காக அல்ல, தங்கள் பிழைப்பு அதில் இருப்பதால் காத்தார்கள். காக் தீவின் கடலுக்கும் அந்த அளவுகோலே பொருந்தும். பயணிகளின் கண்ணில் படும் பவளத்துக்கு ஒரு நீதி, படாத பவளத்துக்கு வேறொரு நீதி என்றால், நாம் பாதுகாப்பது கடலை அல்ல, காட்சியை மட்டுமே.