வந்தவாசியில மறுபடியும் சிப்பாய் ஆகாதீங்க தோழர்களே!



நம்ம ஊர்ப் பேரை வரலாற்றுப் புத்தகத்துல எல்லாரும் படிச்சிருப்பீங்க. 1760 ஜனவரி 22, வந்தவாசிப் போர். ஒரு பக்கம் அயர் கூட் தலைமையில ஆங்கிலேயர், இன்னொரு பக்கம் லாலி தலைமையில பிரெஞ்சுக்காரர். இந்த மண்ணை யார் சுரண்டுறதுங்கிற சண்டை நம்ம கோட்டைப் பக்கத்துல நடந்துச்சு. ரெண்டு படையிலயும் சிப்பாய்னு நின்னவங்க யாரு? இந்த நாட்டு ஆளுங்க! அவங்களுக்குக் கிடைச்சது கூலி. ஜெயிச்ச கம்பெனிக்குக் கிடைச்சது நாடு.

இதை இப்ப ஏன் சொல்றேன்? தினமும் ராத்திரி போனைக் கையில வச்சுக்கிட்டு நாம பண்றதும் அதே சிப்பாய் வேலைதானோன்னு எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு.

நடந்ததைச் சொல்றேன். கோரைப் பாய் நெய்யுறவங்களைப் பத்தி ஒரு வீடியோ எடுத்தோம். கோரை விலை என்ன, கூலி என்ன, பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு பிழைப்பு எப்படி இருக்கு... ரெண்டு நாள் வேலை. நம்ம ஆளுங்க கண்ணுலயே அது படல. "காசு கட்டுங்க, நிறைய பேருக்குக் காட்டுறோம்"னு அறிவிப்புதான் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே எதிர்க்கட்சிக்காரரைக் கிண்டலடிச்சு அஞ்சு நிமிஷத்துல ஒரு மீம் போட்டேன். காலையில எழுந்து பார்த்தா மாவட்டமே பார்த்திருக்கு. கீழே ரெண்டு தரப்பும் அம்மா, அக்காவை இழுத்துத் திட்டிக்கிட்டு இருக்கு.

நான் சந்தோஷப்பட்டேன் தோழர்களே. அதுதான் இப்ப உறுத்துது.

இன்ஜினியரிங் படிச்சவனா சொல்றேன், இதுல மாயம் ஒண்ணும் இல்ல. நீங்க எதுல அதிக நேரம் நிப்பீங்க, எதுக்குக் கமெண்ட் போடுவீங்கன்னு அல்காரிதம் கணக்குப் போடுது. நின்னா விளம்பரம் ஓடும், விளம்பரம் ஓடினா காசு. கோபம் வந்தவன் சீக்கிரம் போக மாட்டான், அவ்வளவுதான். 2017-லிருந்து ஃபேஸ்புக்ல எமோஜிகளுக்கு, கோப எமோஜியையும் சேர்த்து, லைக்கை விட அஞ்சு மடங்கு மதிப்பு குடுத்திருந்தாங்க. 2021-ல வெளியான அவங்க உள் ஆவணங்கள்லதான் இது தெரிஞ்சுது. கோபத்துக்கான மதிப்பைப் பூஜ்யம் ஆக்க அவங்களுக்கு 2020 வரைக்கும் ஆச்சு. அதுக்குள்ள எத்தனை ஊர், எத்தனை சாதி, எத்தனை குடும்பம் சண்டை போட்டிருக்கும்?

விளைவை நம்ம மாவட்டமே பார்த்திருக்கு. 2018 மே மாசம், போளூர் பக்கம் அத்திமூர். கோயிலுக்கு வந்த மூதாட்டி, குழந்தைங்களுக்குச் சாக்லேட் குடுத்தாங்க. பிள்ளை பிடிக்கிறவங்கன்னு வாட்ஸ்அப்ல பரவுன வதந்தியை நம்பி ஒரு கூட்டமே சேர்ந்து அவங்களை அடிச்சுக் கொன்னுடுச்சு. நாடு முழுக்க இப்படிப் பல உயிர் போன பிறகு, அந்த ஜூலையிலதான் இந்தியாவுல ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு கட்டுப்பாடு வந்துச்சு. அடிச்ச கை நம்ம ஆளுங்க கை. அதை மறைக்கல. ஆனா ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவர இத்தனை சாவு வேணுமா?

"அவங்க கம்பெனி, அவங்க இஷ்டம், நாம என்ன பண்ண முடியும்?"னு கேக்குறீங்களா? ஒரு தடவை பண்ணிக் காட்டியிருக்கோமே!

2015 பிப்ரவரியில ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோட சேர்ந்து இலவச இணையம்னு ஆறு மாநிலத்துல ஆரம்பிச்சாங்க. அதுல தமிழ்நாடும் ஒண்ணு. பின்னாடி 'ஃப்ரீ பேசிக்ஸ்'னு பேரை மாத்தினாங்க. இலவசம்தான், ஆனா அவங்க சேர்த்துக்கிட்ட தளங்களை மட்டும்தான் பார்க்கலாம். நாட்டு மக்கள் சும்மா இருக்கல. ட்ராய்க்குப் பத்து லட்சம் மின்னஞ்சலாவது போயிருக்கும். பக்கம் பக்கமா விளம்பரம் குடுத்தும் பலிக்கல. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, தளத்துக்குத் தளம் வேற வேற கட்டணம் வைக்கக் கூடாதுன்னு ட்ராய் தடை போட்டுச்சு.

ஜெயிச்சோம். ஜெயிச்சுட்டுத் தூங்கிட்டோம். 2018 ஜனவரியில கட்சி, பத்திரிகை, கடைன்னு எல்லாப் பக்கங்களோட பதிவையும் பின்னுக்குத் தள்ளப் போறதா ஃபேஸ்புக் அறிவிச்சுது. 2020-ல ஜியோவுல 43,574 கோடி ரூபாய் போட்டு கிட்டத்தட்ட பத்து சதவீதப் பங்கு வாங்குச்சு. 2022 அக்டோபர்ல ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். அடுத்த ஏப்ரல்ல பழைய நீல டிக் போச்சு, இனி காசு கட்டினாதான். நாம பத்து வருஷமா ஆள் சேர்த்த திண்ணை, ஒரே நாள்ல ஒருத்தரோட சொந்தத் திண்ணை.

ஆரணிப் பட்டு நெசவாளரைக் கேளுங்க. பாவும் ஊடையும் முதலாளி குடுக்குற வரைக்கும் நமக்குக் கூலிதான், சேலை அவருதுன்னு சொல்வாங்க. அதுக்காகத்தான் கூட்டுறவுச் சங்கமே வந்துச்சு.

நம்ம வேலையும் அதுதான்:

1. ஒவ்வொரு கிளையிலயும் தொடர்பு எண்கள் நோட்டுல இருக்கணும், அவங்க சம்மதத்தோட. நாளைக்குப் பக்கமே முடங்கினாலும் கூட்டம் நடக்கணும்.

2. முக்கியமான பதிவு எல்லாம் முதல்ல நம்ம சொந்த இணையதளத்துல. அப்புறம்தான் மத்த இடம்.

3. எதிரணிக்காரனைத் திட்டிக் கமெண்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. அவனும் நம்ம தெருக்காரன்தான். அவனுக்கும் அதே தண்ணிப் பிரச்சனை. உங்க கோபத்துக்குச் சம்பளம் வாங்குறது மூணாவது ஆள்.

4. சட்டம் கேளுங்க. 2023 ஆகஸ்ட்லிருந்து ஐரோப்பாவுல, ஆளைக் கண்காணிச்சு வரிசைப்படுத்தாத பதிவுகளைப் பார்க்கிற வழியைப் பெரிய தளங்கள் குடுத்தே ஆகணும். அதே கம்பெனி, அதே ஆப். அங்க முடியறது இங்க ஏன் முடியாது? ஓட்டுக் கேட்டு வர்ற எல்லார்கிட்டயும் கேளுங்க, நம்ம வேட்பாளரையும் சேர்த்துத்தான்.

"நாம விட்டா களத்தை எதிரி பிடிச்சுக்குவானே?" விடச் சொல்லல தோழர்களே. சண்டை போடுவோம், கொள்கைக்காகப் போடுவோம். கம்பெனி லாபத்துக்காக இல்ல.

இந்தப் பதிவும் எத்தனை பேருக்குப் போகும்னு தெரியாது. அதனால படிச்சதோட நிறுத்தாதீங்க. நாளைக்கு டீக்கடையில பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவர்கிட்ட வாயால சொல்லுங்க. அதை எந்த அல்காரிதமும் தடுக்க முடியாது!

– தகவல் தொழில்நுட்ப அணி, வந்தவாசி

#சிப்பாய்_ஆகமாட்டோம் #நம்ம_களம்_நமக்கே