மலைச்சாலை மிதிவண்டியும் இல்லத்தாரின் அச்சமும்

இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பெற்று இல்லம் திரும்பியவர், சில மாதங்கள் கழித்துத் தம் மிதிவண்டியைத் துடைத்து எண்ணெய் இடத் தொடங்கினால், வீட்டார் பூட்டுச் சாவியை ஒளித்து வைக்கின்றனர். அவர் மலைச்சாலை என்ற சொல்லை உச்சரித்துவிட்டாலோ, பேச்சே நின்றுபோகிறது. அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆயினும் முழுத் தடை சரியான தீர்வன்று என்பதே எம் கருத்து.

காஞ்சிபுரத்தில் பாலாற்றுப் பாலத்தைத் தவிர ஏற்றம் என்று சொல்ல ஏதுமில்லை. எனினும் 2008 முதல் நடைபெற்றுவரும் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' போன்ற பயணங்களால், தொழில்முறை வீரரல்லாத நடுத்தர வயதினரும் மலைப்பாதைகளில் நாட்டம் கொண்டுள்ளனர். மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மணாலி–லே சாலையின் தங்லங் லா கணவாயோ 5,328 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதே பல வீடுகளில் எழும் வாக்குவாதத்திற்குக் காரணம். உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். உயர மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். தங்லங் லாவில் காற்றழுத்தம் ஏறத்தாழ நம் ஊரின் பாதியே. 3,000 மீட்டரைக் கடந்தபின், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது. இதய நோயாளர் அத்தகைய கணவாய்களை நாடுவதற்கு முன் இதய மருத்துவரின் தெளிவான ஒப்புதல் இன்றியமையாதது.

நீலகிரியில் உயரத்தைக் காட்டிலும் மருந்துகளே அதிகக் கவனத்திற்குரியவை. மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் போன்றவை இதயத்துடிப்பை உயரவிடாமல் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே கைக்கடிகாரம் குறைந்த எண்ணைக் காட்டினும், உடல் தன் எல்லையை எட்டியிருக்கக்கூடும். ஏறும்போது ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிகிறதா என்பதே நம்பத்தக்க சோதனை. முடியவில்லையெனில் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வதில் இழிவேதுமில்லை. இன்சுலின், கிளிமிப்பிரைடு ஆகியவற்றைப் பயன்படுத்துவோருக்கு நெடிய ஏற்றத்தின்போது மட்டுமன்றி, அன்றிரவு உறக்கத்திலும் சர்க்கரை அளவு தாழக்கூடும். உடன் தங்குவோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

இறக்கத்தைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை என்பது எமக்கு வியப்பளிக்கிறது. ஸ்டென்ட் பொருத்தியபின் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் உண்போருக்கு இரத்தம் எளிதில் உறையாது. வளைவில் சறுக்கித் தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிடினும் உள்ளே கசிவு நேரலாம். தலைக்கவசம் அணிவதும், விழுந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்வதும் கட்டாயம். இறக்கத்திற்கு அஞ்சி அம்மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்துவது இதனினும் பெரிய ஆபத்து: ஸ்டென்டிலேயே இரத்தம் உறைந்துவிடக்கூடும்.

மார்பு வலி அடங்காதவர், இதய வால்வு வெகுவாகச் சுருங்கியவர், கால் வீங்கி மூச்சு வாங்குபவர் ஆகியோர் விஷயத்தில் யாம் வீட்டாரின் பக்கமே. ஏனையோர் முதலில் டிரெட்மில் சோதனை செய்துகொள்ளட்டும். நாள்தோறும் தறி மிதித்த கால்கள்தாமே என்று சிலர் வாதிடுவர். குழித்தறியில் அமர்ந்து மிதிப்பது வேறு, மலையேற்றம் இதயத்திடம் கேட்கும் உழைப்பு வேறு. சில மாதங்கள் சமவெளியில் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழகியபின், 14 வளைவுகளே கொண்ட, சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரியை முயலலாம். அவ்வளைவுகளில் வள்ளல்களின் பெயர்களையும் புலவர்களின் பெயர்களையும் படித்துக்கொண்டே மெல்ல ஏறலாம். வீட்டார் ஒருவர் வாகனத்தில் பின்தொடர்ந்து வரட்டும். மருந்துச் சீட்டின் படி ஒன்றும், நாக்கின் அடியில் வைக்குமாறு மருத்துவர் மாத்திரை எழுதித் தந்திருந்தால் அதுவும் அவர் கையில் இருக்கட்டும்.