எந்தத் துப்பாக்கி வாங்கலாம், தோழர்?

கடந்த ஓராண்டில் ஆரணியில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் பட்டுத்தறிக் கூலி. இன்னொருவர் சட்டம் படிக்கிறார். மூன்றாமவர் சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டு, மனைவியோடு வேறு தெருவில் வாடகைக்கு இருக்கிறார். "ரேட் கம்மியா, மேகசின் சிக்காம ஓடுற செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் எது தோழர்?" மூவரும் அமெரிக்கக்காரர்கள் போடும் துப்பாக்கி வீடியோக்களை நிறையப் பார்த்திருக்கிறார்கள். அங்கே கடையில் முப்பது ரகம் வைத்துக்கொண்டு எது மலிவு, எதன் மேகசின் நம்பகமானது என்று பேசுகிறார்கள். நமக்குத் தெரிந்த மேகசின்கள் எல்லாம் அச்சில் வருபவை.

இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்கவோ, உடனே அகிம்சை பாடம் எடுக்கவோ எனக்கு மனம் வரவில்லை. கேட்பவர்களின் பயம் உண்மையானது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டதை கேமரா பதிவில் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதானவரின் தாய், தந்தை இருவருமே சப்-இன்ஸ்பெக்டர்கள். அதைப் படித்த ஒருவன் போலீஸ் வந்து காப்பாற்றும் என்று நம்பாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. எனவே கேட்ட கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் சாமானியர் வாங்கக்கூடிய பிஸ்டல் ரகங்கள் மிகக் குறைவு. வீடியோக்களில் புகழப்படும் 9 மி.மீ. இங்கே தடை செய்யப்பட்ட ரகம். அது போலீசுக்கும் ராணுவத்துக்கும்தான். தனிநபர்கள் பெரும்பாலும் வாங்குவது .32. அதில் செமி ஆட்டோமேட்டிக் என்றால் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் அரசு துப்பாக்கித் தொழிற்சாலை செய்த 'அசனி' இருக்கிறது. (அசனி என்றால் இடி. தமிழிலும் அதே பொருள்தான்.) டெல்லிப் பாலியல் வன்கொலைக்குப் பிறகு பெண்களுக்கென்று சொல்லி 2014-இல் கான்பூரில் இருந்து 'நிர்பீக்' என்ற ரிவால்வரை அரசுத் தொழிற்சாலை இறக்கியது. அரைக் கிலோ எடை. விலை 1,22,360 ரூபாய். பெண்களின் பாதுகாப்புக்கு அரசு சொன்ன விலை அது. ஆரணியில் தறிக்கூலி வாங்கும் எந்தப் பெண்ணால் அதை வாங்க முடியும் என்று அந்த அறிவிப்பை எழுதியவர் ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார்.

மேகசின் விஷயத்தில் அவர்கள் கவலைப்படுவது சரிதான். செமி ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலான சிக்கல் அங்கேதான் தொடங்கும். .32 பிஸ்டல் தோட்டாவின் அடிவிளிம்பு அதன் உடம்பைவிடக் கொஞ்சம் அகலம். அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால் இரண்டும் கோத்துக்கொள்ளும், துப்பாக்கி நின்றுவிடும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, மேகசினின் வாய் நெளிந்தாலோ அதே கதை. அதனால்தான் அதிகம் பழகாதவர்களுக்கு மேகசினே இல்லாத ரிவால்வரைச் சொல்வார்கள். பழக வேண்டுமானால் தோட்டா வேண்டும். உரிமத்தில் தோட்டாவுக்கும் வரம்பு உண்டு. இன்னொன்று: உதிரி மேகசின் தனியாக எங்காவது மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் பக்கத்தில் போகாதீர்கள். ஆயுதச் சட்டத்தின் வரையறையில் உதிரிபாகமும் ஆயுதம்தான். உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. ஒரு தலித் இளைஞன் கையில் கள்ளத் துப்பாக்கி கிடைத்தால் உள்ளூர் ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, உரிமத்தோடு நல்ல துப்பாக்கியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் ஆம்ஸ்ட்ராங்கிடம் இருந்தது. பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர், வழக்கறிஞர். 2024 ஜூலை 5 மாலை, பெரம்பூரில் தான் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முன்னால் வெட்டப்பட்டார். வந்தவர்களில் சிலர் உணவு டெலிவரி ஊழியர்களின் உடையில் இருந்தார்கள். அவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்ததையும், மக்களவைத் தேர்தலுக்காக ஒப்படைத்திருந்த அதை ஜூன் 13 அன்று அவர் திரும்பப் பெற்றுவிட்டதையும் பிறகு போலீசே சொன்னது. கொலையின் காரணம் வழக்கில் இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. நான் பார்ப்பது அந்த மாலையின் கணக்கை மட்டும். தெரிந்த தெரு, சொந்த வாசல், சந்தேகப்பட முடியாத உடையில் கைக்கெட்டும் தூரத்தில் பல பேர். துப்பாக்கியை உருவி, லாக்கை எடுத்து, குறிபார்க்கும் நேரத்தைக் கொலைகாரர்கள் தருவதில்லை. சங்கருக்கும் தரவில்லை. 1997-இல் மேலவளவு முருகேசனைப் பேருந்தில் வழிமறித்தவர்களும் தரவில்லை. தமிழ்நாட்டில் சாதி பெரும்பாலும் அரிவாளோடு, கூட்டமாக, ஆள் அசந்த நேரத்தில்தான் வரும்.

சாதி மறுப்புத் தம்பதியின் வீட்டுக்குள் துப்பாக்கி இருப்பது இன்னொரு ஆபத்து. சமாதானம் பேச வரும் மாமாவும் மச்சானும் அதே வீட்டுக்குள்தான் வருவார்கள். பீரோவில் இருக்கும் துப்பாக்கி யார் கைக்குப் போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆனால் இதைச் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. துப்பாக்கி நமக்கு உதவாது என்பது ஒரு விஷயம். யார் கையில் துப்பாக்கி இருக்கலாம் என்பதை இந்த நாட்டில் சாதி தீர்மானித்து வந்திருக்கிறது என்பது வேறு விஷயம். ஆரணிக் கோட்டையைச் சுற்றி 1751-இல் கிளைவின் படையும், 1782-இல் ஹைதர் அலிக்கு எதிராகக் கூட்டின் படையும் சண்டையிட்டன. கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில் பறையர் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்கள் ரத்தத்தில் ஆட்சி நிலைபெற்ற பிறகு 'போர்க்குடி' என்றொரு கோட்பாட்டைக் கண்டுபிடித்து ஆங்கிலேயர்கள் அவர்களைக் கழித்துக் கட்டினார்கள். பம்பாய்ப் பக்கம் மகர்களுக்கும் 1892-இல் அதுவே நடந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் ஏன் இங்கே புரட்சி செய்யவில்லை என்ற கேள்விக்கு பாபாசாகேப் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் சொன்ன காரணங்களில் ஒன்று, நால்வருணம் அவர்களுக்கு ஆயுதத்தை மறுத்தது என்பது. சுபேதார் ராம்ஜியின் மகன் அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

இது பழங்கதை என்று நினைப்பவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். குடகில் கொடவர் இனத்தில் பிறந்தவர்களும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களும் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கு. இந்திய அரசு அதை 2019-இல் இன்னும் பத்தாண்டுக்கு நீட்டித்தது; 2029 வரை செல்லும். பிறப்பையும் நிலத்தையும் வைத்து ஆயுத உரிமை. இட ஒதுக்கீடு என்றால் 'தகுதி' பேசுபவர்கள் இதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை.

மற்றவர்கள் கலெக்டரிடம் மனுப் போட வேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தின் 14-வது பிரிவில் ஒரு வரி இருக்கிறது: போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது. அப்படி ஒரு வரியை எழுத வேண்டியிருந்தது என்பதே நிலவரத்தைச் சொல்லிவிடுகிறது. நடைமுறையில் எல்லாம் போலீஸ் அறிக்கையில்தான் நிற்கிறது. உயிருக்கு அச்சுறுத்தல் உண்டு என்று காட்ட வேண்டும். அதற்குப் புகார், எஃப்.ஐ.ஆர். வேண்டும். வன்கொடுமைப் புகாரை வாங்கவே மறுக்கும் அதே ஸ்டேஷன்தான் 'அச்சுறுத்தல் இல்லை' என்று எழுதி அனுப்பும். 1956 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டார். அலபாமா அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். கிடைத்தவருக்கும் நிம்மதி இல்லை. 2016-இல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பர், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று போலீசிடம் தானாகவே சொன்னார். உரிமம் பெற்றவர். அந்தப் போலீஸ்காரர் அவரைக் காருக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு விடுதலையும் ஆனார்.

இத்தனையும் சொன்ன பிறகு, நம்மில் பலர் படிக்காத ஒரு விதியைக் காட்ட வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995-இல் வந்த விதிகளில் 3-வது விதி. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும் என்று தொடங்குகிறது. அந்தப் பகுதிகளில், தேவைப்பட்டால், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கலாம். அவர்களின் உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வைத்திருப்பவையும் இதில் அடக்கம். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்கும் அடுத்து, தேவைப்பட்டால், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கலாம்.

நம் ஆட்கள் இந்த விதியை எப்போதாவது பேசினால் அந்தக் கடைசி வரியை மட்டும்தான் பேசுகிறார்கள். மேடையில் கைதட்டல் கிடைக்கும் வரி அது. எனக்கு முக்கியமாகப் படுவது முதலில் வரும் வரி. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். வந்த கூட்டம் துப்பாக்கியோடு வந்தது. 1997 டிசம்பர் 1 அன்று பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் ரண்வீர் சேனா 58 தலித்துகளைக் கொன்றது. தண்டிக்கப்பட்ட 26 பேரையும் பாட்னா உயர் நீதிமன்றம் 2013-இல் விடுவித்தது. இந்த ஊர்களில் நம்மிடம் துப்பாக்கி இல்லாததைவிட அவர்களிடம் இருந்ததுதான் பெரிய பிரச்சினை. எதிர்த்தரப்பின் கையைக் காலி செய்ய அதிகாரம் தரும் ஒரு சட்டம் இருக்கும்போது, தலைக்கு ஒன்றேகால் லட்சம் செலவழித்து அதே பந்தயத்தில் ஓடப் பார்ப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

தமிழ்நாட்டில் உரிமத் துப்பாக்கிகள் குறைவு என்பதும் உண்மை. 2016 இறுதிக் கணக்கில் உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம் உரிமங்கள். இங்கே சுமார் 22,500. ஆனால் அந்த 22,500 எந்தத் தெருக்களில் இருக்கின்றன என்று நமக்குத் தெரியாது. நில உடைமையும் பண்ணை வீடும் எந்தத் தெருவில் இருக்கின்றனவோ அங்கேதான் இருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். ஊகத்தைச் சோதிக்க வழி இருக்கிறது.

நம் மாவட்டத்திலேயே 2023 ஜனவரி 30 அன்று தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனார்கள். பல பத்தாண்டுகளாகப் பூட்டியிருந்த வாசல். அன்று கலெக்டரும் போலீசும் உடன் நின்றார்கள், நிற்க வைக்கப்பட்டார்கள். மறுநாளும் அடுத்த மாதமும் அவர்களை நிற்க வைப்பதுதான் கடினமான வேலை. அதற்கான கருவிகளும் விதியில் இருக்கின்றன. 17-வது விதிப்படி கலெக்டர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். 2016 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு தருவதை அரசின் கடமையாக்குகிறது. கடமை தவறும் அதிகாரியைத் தண்டிக்க 4-வது பிரிவு இருக்கிறது. 2025 அக்டோபரில் ஆணவக் கொலைக்கு எதிரான சட்டத்தைப் பரிந்துரைக்க நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தார்கள். சாதி மறுப்புத் தம்பதிகளின் உறவினர்களிடம் உள்ள துப்பாக்கி உரிமத்தை உடனடியாக நிறுத்தி வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை நம்மில் எத்தனை அமைப்புகள் அங்கே கொண்டு போயிருக்கின்றன?

சட்டம் படிக்கும் அந்தத் தம்பியோடு உட்கார்ந்து ஒரு தகவல் உரிமை மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகத்துக்கு. வட்டவாரியாக நடப்பில் உள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை. 3-வது விதியின் கீழ் அடையாளம் காணப்பட்ட கிராமங்கள் எவை. அந்த விதியின் கீழ் இதுவரை எத்தனை உரிமங்கள் ரத்தாகின. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு எத்தனை தரப்பட்டன. கடந்த மூன்று ஆண்டில் கண்காணிப்புக் குழு கூடிய தேதிகள் என்ன. பெயர் எதையும் கேட்கவில்லை. கேட்டால் தனிநபர் தகவல் என்று தள்ளுபடி செய்துவிடுவார்கள். எண்ணிக்கை மட்டும் போதும். கட்டணம் பத்து ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பதில் தர அவர்களுக்கு 30 நாள். மற்ற மாவட்டத் தோழர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி இதே ஐந்து கேள்விகளை அனுப்பலாம்.