இருபது பேரில் ஒரு பிள்ளை



தேர்வு முடிவு வந்துவிட்டால் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "விருதுநகர் மாவட்டம் எத்தனாவது இடம்?" ஆசை இருக்கத்தானே செய்யும். ப்ளஸ் டூவில் 2018இல் 97.05 சதவீதம், 2023இல் 97.85. இரண்டு முறையும் மாநிலத்தில் நாம்தான் முதல். அதே 2018இல்தான் நிதி ஆயோக் நம் மாவட்டத்தைப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலிலும் சேர்த்தது. தமிழ்நாட்டில் இரண்டே மாவட்டம், ராமநாதபுரமும் நாமும். ('முன்னேற விழையும் மாவட்டம்' என்று நாசூக்காகப் பெயர் வைத்தார்கள்.)

மாலை வகுப்பு எடுத்து, கைக்காசில் சுண்டல் வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளைத் தேற்றிய ஆசிரியர்கள் நம் பக்கம் நிறைய உண்டு. வானம் பார்த்த கரிசல் காட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் வந்த வீட்டுக்கு 35 மார்க் சாதாரணமில்லை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

எனக்குப் பிடிக்காதது இந்தச் சதவீத வெறி. அருப்புக்கோட்டையில் 200 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் அரை சதவீதம். நரிக்குடி, பரளச்சிப் பக்கம் 20 பேர் எழுதும் அரசு உயர்நிலைப்பள்ளியில் அதே ஒரு பிள்ளை 5 சதவீதம்! 'நூறு சதவீதம்' என்று பிளக்ஸ் வைக்க முடியாது. தலைமையாசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அந்தப் பயம் ஒன்பதாம் வகுப்பிலேயே வேலையைக் காட்டிவிடும். "இவன் தேறமாட்டான், டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள், தனியாகப் பரீட்சை எழுதட்டும்."

எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. ஒரு பையன், விதைப்பு நேரத்தில் பாதி நாள் வரமாட்டான், வாய்க்கணக்கைப் பட்டென்று சொல்வான். வேண்டாம் என்று நான் சொன்னது எடுபடவில்லை, அனுப்பிவிட்டார்கள். அந்த வருடம் பள்ளி நூறு சதவீதம். அவன் கரிமூட்டம் போடப் போனான். எந்தக் கணக்கிலும் அவன் வரவில்லை.

பத்தோடு நின்றுபோகிறவர்களும் வருவதில்லை. உயர்நிலைப்பள்ளி பத்தாம் வகுப்போடு சரி. ப்ளஸ் ஒன்னுக்குத் திருச்சுழியோ அருப்புக்கோட்டையோ போகவேண்டும். இலவச பஸ் பாஸ் இருக்கிறது, பஸ் நேரத்துக்கு வரவேண்டுமே. சாயங்கால பஸ் இருட்டிய பிறகு வந்தால் பொம்பளைப் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே, பரீட்சை எழுதியவர்களை வைத்துக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களை வைத்துப் போடுங்கள் என்கிறேன். சேர்ந்த பேரில் பன்னிரண்டு முடித்தவர் எத்தனை பேர்? அந்த எண்ணைப் பிளக்ஸில் போடட்டும், நானே மாலை வாங்கிவந்து போடுகிறேன்.

ஊர்ப்பக்கம் இருப்பவர்கள் உங்கள் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, ஏழு வருடத்துக்கு முந்தைய ஆறாம் வகுப்புச் சேர்க்கை எத்தனை என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். அதில் எத்தனை பேர் இந்த வருடம் ப்ளஸ் டூ எழுதினார்கள் என்பதையும் விசாரித்து எழுதுங்கள். எண்ணிக்கை போதும், பிள்ளைகளின் பெயர் வேண்டாம்.