‘சர்வர் டவுன்... நாளைக்கு வாங்க’: உலகமே முடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை சொல்லும் பாடம்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய விமான நிலையங்களில் செக்-இன் கவுன்டர்களின் கம்ப்யூட்டர் திரைகள் திடீரென நீல நிறத்துக்கு மாறின. ஊழியர்கள் பேனாவை எடுத்து, பயணியின் பெயரையும் விமான எண்ணையும் போர்டிங் பாஸில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஹைதராபாத்தில் இருந்து கொல்கத்தா செல்லும் விமானத்துக்கு அப்படி எழுதித் தரப்பட்ட ஒரு பாஸின் படம் அன்று சமூக வலைதளங்களில் வைரலானது.

பலரும் சிரித்துவிட்டுக் கடந்து போனார்கள். ஆனால் அன்று உருப்படியாக வேலை செய்த சில விஷயங்களில் அந்தப் பேனாவும் ஒன்று.

அன்று என்ன நடந்தது?

சைபர் தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க சைபர் பாதுகாப்பு நிறுவனம், தன் ஃபால்கன் மென்பொருளுக்கு வழக்கம்போல ஓர் அப்டேட் அனுப்பியது. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்குப் போன அந்த ஃபைலில் பிழை இருந்தது. 10.57-க்கு அது திருத்தப்பட்டது. இடைவெளி வெறும் 78 நிமிடங்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கியதாக மைக்ரோசாப்ட் கணக்கிட்டது.

பிழை என்ன என்று கேட்டால் சிரிப்புதான் வரும். 20 தகவல்கள் மட்டுமே கொடுக்கப்பட்ட இடத்தில், 21-வது தகவலைத் தேடிப் போனது மென்பொருள். இல்லாத ஒன்றைத் தேடியதால் கம்ப்யூட்டரே நின்றுபோனது. அவ்வளவுதான்.

ஒரு ஆப் கிராஷ் ஆனால் அதை மூடிவிட்டுத் திரும்பத் திறக்கிறோம். இங்கே ஏன் மொத்த கம்ப்யூட்டரும் படுத்தது? ஃபால்கன் சாதாரண ஆப் போல மேலோட்டமாக இயங்குவதில்லை. வைரஸைப் பிடிக்க வேண்டும் என்பதால், விண்டோஸின் அடித்தளமான ‘கர்னல்’ வரை அதற்கு அனுமதி உண்டு. வாசலில் நிற்கும் வாட்ச்மேனிடம் வீட்டின் மெயின் ஸ்விட்சையும் ஒப்படைத்தது போல. அவர் தடுக்கி விழுந்தால் வீடு முழுக்க இருட்டு.

சரிசெய்ய ஏன் நாள்கணக்கில் ஆனது?

ஸ்டார்ட் ஆகாத கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வழியாகத் தீர்வை அனுப்ப முடியாது. பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் ஒவ்வொரு மெஷின் முன்பும் உட்கார்ந்து, ‘சேஃப் மோடில்’ திறந்து, அந்த ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி எண்ணும் தேவை. அந்த எண்களைச் சேமித்து வைத்த சர்வரே முடங்கியிருந்தால்? சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம் 5 நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. 13 லட்சம் பயணிகள் தவித்தார்கள்.

விமானம் மட்டும்தானா?

விமானம் போனால் அடுத்த நாள் போகலாம். அவசர உதவிக்கு அப்படிக் காத்திருக்க முடியுமா? அமெரிக்காவின் அலாஸ்காவில் பல இடங்களில் 911 அவசர அழைப்பு மையங்கள் செயலிழந்தன. மக்கள் அழைக்க மாற்று எண்களை போலீஸ் அவசரமாக அறிவித்தது.

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்கள் நோயாளி விவரங்களைப் பார்க்கப் பயன்படுத்தும் எமிஸ் என்ற சிஸ்டம் நின்றது. ஆனால் அங்கே கிளினிக்குகளை மொத்தமாக இழுத்து மூடவில்லை. பேப்பர் ரெக்கார்டு, கையால் எழுதிய மருந்துச்சீட்டு என ஏற்கெனவே வகுத்து வைத்திருந்த ஏற்பாட்டுக்கு மாறினார்கள். தாமதம் இருந்தது, ரத்தான அப்பாயின்ட்மென்ட்டுகளும் இருந்தன. ஆனாலும் சேவை முழுதாக நிற்கவில்லை.

இந்தியா தப்பித்தது எப்படி?

அரசின் என்ஐசி நெட்வொர்க்குக்குப் பாதிப்பு இல்லை என்று மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தெரிவித்தார். 10 வங்கிகள் மற்றும் நிதி நிறுவனங்களில் மட்டும் சிறு தடங்கல் என்றது ரிசர்வ் வங்கி. காரணத்தையும் அதுவே சொன்னது: அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் வங்கிகள் இங்கே மிகச் சில.

அதாவது, நம்மிடம் அது அதிகம் இல்லாததால் தப்பித்தோம். தயாராக இருந்ததால் தப்பித்தோம் என்று மார்தட்டிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் யுபிஐ தடைபட்ட நாட்களில், பர்ஸில் பணம் இல்லாமல் கடையில் போனையே பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது புரியும்.

செலவு யார் தலையில்?

உலகம் முழுக்க சிஸ்டம் நின்றால் அது தலைப்புச் செய்தி. ரேஷன் கடையிலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ நின்றால், ‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க’ என்ற ஒற்றை வரி. அந்த ‘நாளைக்கு’ என்பது ஒரு கூலித் தொழிலாளிக்கு இன்னொரு நாள் சம்பளம். வேறு ஊரில் இருந்து வந்தவருக்கு இன்னொரு பஸ் டிக்கெட். கோளாறு எங்கேயோ நடக்கிறது. அதற்கான பில் மட்டும் க்யூவில் நிற்பவர் கைக்கு வருகிறது.

கவுன்டரில் இருப்பவரைத் திட்டியும் பயனில்லை. சிஸ்டம் நின்றால் என்ன செய்யலாம் என்ற அதிகாரத்தை யாரும் அவருக்குத் தரவில்லை என்பதுதான் பிரச்சினை.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, அப்டேட்டை ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தள்ளக் கூடாது. கொஞ்சம் கம்ப்யூட்டர்களில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு படிப்படியாகப் பரப்ப வேண்டும். கிரவுட்ஸ்ட்ரைக்கே அடிபட்ட பிறகுதான் இந்த வகை அப்டேட்டுகளுக்கு அந்த முறையைக் கொண்டுவந்தது. மென்பொருள் வாங்கும் ஒவ்வொரு அரசுத் துறையும் இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு பொதுச்சேவைக்கும் ஒரு ‘கை வழி’ இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் சிஸ்டம் நின்றால் பேப்பருக்கு மாறலாம், யார் கையெழுத்துப் போடலாம், பிறகு எப்படி கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தீயணைப்பு ஒத்திகை போல, இதற்கும் வருடத்துக்கு ஒருமுறை ஒத்திகை வேண்டும். தப்பாகப் பயன்படுத்துவார்களே என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு வழி, பின்னால் சரிபார்ப்பது. வந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது அல்ல.

மூன்றாவது, சிஸ்டம் நின்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எப்போது சரியாகும், அதுவரை எங்கே போகலாம் என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

டிஜிட்டல் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வேகமும் வெளிப்படைத்தன்மையும் அதனால் கிடைத்தவைதான். ஆனால் லிஃப்ட் வைத்த கட்டடத்திலும் படிக்கட்டு கட்டாயம். ‘சர்வர் டவுன்’ என்று சொல்வதில் தப்பில்லை. அதற்கு அடுத்த வாக்கியம் ‘நாளைக்கு வாங்க’ என்பதாக இருக்கக் கூடாது.