கொடுப்பதும் கைவிடுவதும்



ஞாயிறு திருப்பலி முடிந்தபின் குடும்பத்தலைவர் ஒருவர் என்னிடம் வந்தார். வளவோடு கூடிய ஊர் வீட்டை விட்டுக் கொழும்பில் தொடர்மாடி ஒன்றுக்குக் குடிபெயர வேண்டிய நிலை. அவர்களது நாய்க்கு இரண்டு வயது. படலை திறக்கும் ஒலி கேட்டாலே ஓடிவந்து, முன்னங்கால்களை மார்பில் வைத்து வரவேற்கும். "பாதர், அதை வேறொருவருக்குக் கொடுப்பது பாவமா?" என்று கேட்டார்.

கொடுப்பது பாவமன்று, கைவிடுவதே பாவம் என்றேன்.

என் சிறுவயதில் எங்கள் வீட்டு நாயைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விட்டுவந்தார்கள். நல்ல வீட்டில் கொடுத்ததாக எனக்குச் சொன்னார்கள். உண்மை தெரிந்தபோது, நாயை இழந்ததைவிட அந்தப் பொய்யே என்னை அதிகம் வருத்தியது.

வீட்டு விலங்கின்பால் கொள்ளும் அக்கறையை நேர்மையாளரின் பண்பாக நீதிமொழிகள் நூல் (12:10) காட்டுகின்றது. தோபியாவின் நெடும்பயணத்தில் அவரது நாயும் உடன் சென்றது, திரும்பும்போதும் பின்தொடர்ந்தது. விலங்குகளைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கு முரணானது என்று திருச்சபையின் மறைக்கல்வி (2418) போதிக்கின்றது. மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை விலங்குகளுக்கு அளிக்கலாகாது என்றும் அதே பகுதி கூறுகின்றது. ஆகவே, குடும்பத்தின் தேவைக்காக நாயைப் பிரிய நேர்வது குற்றமன்று. பிரியும் முறையே நம்மைச் சோதிக்கின்றது.

முதலில், அவசரப்படாதீர்கள். ஓடியாட இடமும் பகலில் ஆளும் உள்ள வீட்டைத் தேடுங்கள். அடுத்து, உண்மையை மறைக்காதீர்கள். ஆட்கள்மேல் பாயும், செருப்பைக் கடிக்கும், கோழியைத் துரத்தும் என்பதையும் சொல்லுங்கள். குறையை மறைத்துக் கொடுத்தால், சில வாரங்களில் அந்த நாய் வீதிக்கு வந்துவிடக்கூடும். விசர்நாய்க்கடித் தடுப்பூசி அட்டையையும், அது படுத்துறங்கிய சாக்கையும் கூடவே கொடுங்கள். பழகிய மணம் புதிய இடத்தில் அதற்கு ஆறுதலாகும். பிள்ளைகளையும் அழைத்துச் சென்று அந்த வீட்டைக் காட்டுங்கள். அவர்கள் அழுதால் தடுக்காதீர்கள்.

அந்தக் குடும்பம் இரண்டு மாதம் தேடி, தோட்டம் செய்யும் ஒருவரிடம் நாயை ஒப்படைத்தது. பிள்ளைகள் அழுதார்கள், ஆனால் ஏமாற்றப்படவில்லை.

வாய்பேசாத ஓர் உயிர் நம்மை நம்பி வாழ்ந்தது. அந்த நம்பிக்கைக்கு நாம் இறைவன் முன்னிலையில் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். படைத்தவரின் பரிவு நம் இல்லங்களிலும் விளங்குவதாக.